ஓடுவோரின் உடைமைகள்



ஓட்டப் போட்டியொன்று நடந்த மறுநாள் பத்திரிகையைப் பிரித்தால், முதலாவதாக வந்தவர் யார், எத்தனை மணி எத்தனை நிமிடத்தில் ஓடினார், பரிசில் வழங்கியவர் யார் என்பனவெல்லாம் அச்சாகியிருக்கும். மைதானத்தின் ஓரத்தில், வேப்பமர நிழலில், ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு விடியற்காலை முதல் அமர்ந்திருந்த ஒருவரைப் பற்றி அங்கே ஒரு வரியும் இராது. ஓடியவர்களின் கைக்கடிகாரம், செருப்பு, மாற்றுடுப்பு, பணப்பை, மூக்குக்கண்ணாடி என்பவற்றை வாங்கி வைத்திருந்து, அவர்கள் ஓடி முடித்ததும் உரியவர் கையிற் சேர்ப்பித்தவர் அவர். அவரைப் பற்றியும் அவருடைய மேசையைப் பற்றியுமே இன்று பேச எண்ணியிருக்கிறேன்.

வானொலியிற் பேசுதற்கு இதுவும் ஒரு பொருளா என்று சிலர் நினைத்தல் கூடும். முப்பது ஆண்டுகளாகப் பாடசாலை விளையாட்டுப் போட்டிகளோடு உறவுகொண்டவன் என்ற முறையிற் சொல்லுகிறேன்: போட்டியில் யார் வென்றார் என்பதைப் பெற்றோர் இரண்டொரு வருடத்தில் மறந்துவிடுகின்றனர். பிள்ளையின் கடிகாரம் தொலைந்துபோன போட்டியை அவர்கள் மறப்பதேயில்லை.

மற்றைய விளையாட்டுக்களில் இத்தொல்லை பெரிதாக எழுவதில்லை. துடுப்பாட்டக்காரருக்கு ஆடுகளத்தை அடுத்தே ஓய்வு மண்டபம் உண்டு. உதைபந்தாடும் பிள்ளை தன் பையைக் கோட்டுக்கு வெளியே வைத்துவிட்டு இடையிடையே கடைக்கண்ணாற் பார்த்துக்கொள்ளலாம். நெடுந்தூரம் ஓடுபவரோ தமது பொருளை விட்டுக் கண்ணுக்கெட்டாத தூரம் போகிறார். போவதோடு அமையாது, பல போட்டிகளிற் புறப்பட்ட இடத்துக்கு அவர் திரும்பி வருவதுமில்லை. மரதன் ஓட்டத்தின் பிறப்பே அப்படிப்பட்டது. 1896ஆம் ஆண்டில் அதென்ஸ் நகரில் நவீன ஒலிம்பிக் விழா முதன்முதலாக நடந்தபோது, ஓட்டக்காரர் மரதன் என்னும் ஊரிலே புறப்பட்டு, ஏறக்குறைய 40 கிலோமீற்றர் ஓடி, நகரத்து அரங்கினுள் வந்து சேர்ந்தனர். 1908இல் இலண்டன் ஒலிம்பிக் விழாவில் வின்ட்சர் கோட்டையிலே தொடங்கி நகரத்து விளையாட்டரங்கில் முடித்தனர். இன்று வழங்கும் 42.195 கிலோமீற்றர் என்னும் அளவு அந்த ஓட்டத்தின் வழியாக வந்ததே. அக்காலத்தில் ஓடியவர் தொகை சிறிது. மேலங்கியைத் தோழன் ஒருவனிடம் கொடுத்துவிட்டு ஓடினாலும் காரியம் நடந்துவிடும். ஆயிரம் பேர் ஓடும்போது ஆயிரம் தோழருக்கு எங்கே போவது?

ஓடுபவன் சுமையைக் கழற்ற வேண்டியவன். கழற்றிய பொருளைக் காக்க இன்னொருவன் வேண்டும். இது மிகப் பழைய சங்கடம். பண்டை அதென்ஸ் நகரில் இளைஞர் ஓடியும் மல்லாடியும் பழகிய உடற்பயிற்சிக் கூடங்கள் மூன்று பெயர்பெற்றவை. பிளேட்டோ பின்னர்ப் பாடஞ்சொன்ன அக்கடமி அவற்றுள் ஒன்று, அரிஸ்டாட்டில் பாடஞ்சொன்ன இலைசியம் மற்றொன்று, மூன்றாவது கைனோசார்கஸ். அங்கே பயிற்சி செய்வோர் ஆடையைக் களைந்து வைத்துவிட்டே களத்தில் இறங்குவர். இக்கூடங்களிலிருந்து ஒரு மேலாடையையோ எண்ணெய்க் குடுவையையோ வேறெந்தச் சிறு பொருளையோ திருடியவனுக்கு மரணதண்டனை என்று சோலன் சட்டம் வகுத்திருந்ததாக, பேச்சுவன்மையிற் பெயர்போன தெமோஸ்தனீஸ் தமது வழக்குரை ஒன்றிற் கூறுகிறார். ஓர் எண்ணெய்க் குடுவைக்கு ஓர் உயிரா என்று நாம் திகைக்கலாம். தண்டனை கொடிது என்பதில் எனக்கும் ஐயமில்லை. எனினும் அச்சட்டத்தை வகுத்தவர் குடுவையின் விலையைக் கணக்கிட்டவரல்லர். ஊரவர் நம்பி ஆடை களையும் ஓரிடம் அந்நம்பிக்கை கெட்டால் வெறிச்சோடிப் போகும் என்பதை அவர் அறிந்திருந்தார் என்றே எண்ணத் தோன்றுகிறது. உரோமரோ தண்டனையோடு நில்லாமல் ஆளையும் நியமித்தனர். அவர்களுடைய பொதுக் குளிப்பிடங்களில் உடைகளைக் காத்து நிற்பவனுக்குக் கப்சாரியஸ் என்றே பெயர் இருந்தது. நமது வேப்பமரத்து மேசைக்காரருக்கு முன்னோர் அவர்களே.

இனி, இக்காலத்துப் பெரும் போட்டிகளில் இவ்வேலை எவ்வாறு நடைபெறுகிறது என்று பார்ப்போம். ஓட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் உண்டு. அதை மார்பில் ஊக்கினாற் குத்திக்கொள்வார். அதே இலக்கம் அச்சிட்ட சிறு துண்டொன்று அவருடைய பையிலும் ஒட்டப்படும். பைகள் இலக்க வரிசைப்படி பிரிக்கப்பட்டு, இன்ன இலக்கம் முதல் இன்ன இலக்கம் வரை இந்த லொறி என்று ஏற்றப்பட்டு, முடிவிடத்துக்குப் போய்ச் சேரும். ஓடி முடித்தவர் தமது மார்பிலக்கத்தைக் காட்ட, அங்கே நிற்பவர் பையை எடுத்துக் கொடுப்பார். சொல்லும்போது எத்துணை எளிதாயிருக்கிறது! செய்து பார்த்தவருக்குத்தான் அதன் நெளிவு சுளிவு தெரியும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஆயிரம் பேர் ஓடுகிறார்கள். குளிருக்கும் பனிக்கும் பயந்து, ஓட்டந் தொடங்குதற்கு அரைமணி நேரம் இருக்கும்போதுதான் எல்லாரும் மேலுடையைக் கழற்றிப் பையில் இட்டுக்கொண்டு வருவர். ஒரு பையை வாங்கி, இலக்கத்தை ஒத்துப்பார்த்து, உரிய இடத்தில் வைக்க 20 விநாடி பிடிக்குமென்று கொள்வோம். அரைமணி நேரத்தில் ஒருவர் 90 பைகளைத்தான் வாங்கலாம். ஆகவே ஆயிரம் பைக்குப் பன்னிரண்டு பேராவது வேண்டும். இரண்டு பேரை நிறுத்திவிட்டு, "வரிசையில் நில்லுங்கள், வரிசையில் நில்லுங்கள்" என்று ஒலிபெருக்கியிற் கூவுவதாற் பயனில்லை. துவக்கு வெடிக்கும் நேரம் நெருங்க நெருங்க வரிசை குலையும். பிள்ளைகள் பையை மேசைமேல் எறிந்துவிட்டு ஓடுவர். துண்டு ஒட்டப்படாத பைகள் அப்பொழுதே குவியத் தொடங்கும். பின்னால் எழும் சச்சரவு அத்தனைக்கும் விதை அந்த அரைமணி நேரத்தில் விழுந்துவிடுகிறது.

திருப்பிக் கொடுக்கும் வேலை வேறு வகையானது. ஓடி முடித்தவர் ஒருங்கே வருவதில்லை. முதலில் ஓரிருவர், பிறகு பத்திருபது பேர், நடுவிலே பெருவெள்ளம், இறுதியில் மீண்டும் தனித்தனியாகச் சிலர் என்று வருவர். வருபவரின் உடல்நிலையும் கருதத்தக்கது. நெடுந்தூரம் ஓடியவரின் உடல், ஓட்டம் நின்றதும் விரைவிற் குளிரத் தொடங்கும். நனைந்த மேற்சட்டையோடு காற்றில் நிற்பவருக்கு நடுக்கம் எடுக்கும். அவருக்கு அப்போது வேண்டியது பதக்கமன்று, பைக்குள் இருக்கும் உலர்ந்த சட்டையும் துவாயுமே. முழங்கால் மடங்காது, குனிந்தால் நிமிர முடியாது. ஆகையாற் பைகளை நிலத்திலே பரப்பி வைத்து, "உமது பையை நீரே தேடி எடும்" என்று சொல்லுதல் இரக்கமற்ற செயலாகும். சிலருக்குக் களைப்பினாற் தமது இலக்கமே நினைவுக்கு வராது. அவர் வாயைப் பாராமல் மார்பைப் பார்த்துக் கொடுக்கத் தெரிந்தவரே நல்ல மேசைக்காரர்.

இவ்வேலை எத்துணைப் பெருஞ்சிக்கலாக வளரக்கூடும் என்பதற்கு நியூயோர்க் நகரத்து மரதன் ஓட்டம் தக்க சான்று. 1970ஆம் ஆண்டில் அது தொடங்கியபோது, நகரத்தின் நடுவிலுள்ள பூங்காவையே சுற்றிச் சுற்றி ஓடினர். சேர்ந்தவர் 127 பேர். ஓடி முடித்தவர் 55 பேர். 1976இல் நகரத்தின் ஐந்து பகுதிகளையும் ஊடறுத்துச் செல்லும் பாதை வகுக்கப்பட்டது. அன்றிலிருந்து ஸ்டேட்டன் தீவிலே புறப்பட்டு, பாலங்களைக் கடந்து, அதே பூங்காவில் வந்து முடிக்கிறார்கள். 2013ஆம் ஆண்டில் ஓடி முடித்தவர் தொகை ஐம்பதினாயிரத்தையும் கடந்தது. நவம்பர் மாதத்துக் குளிரில், விடியற்காலையிலேயே தீவுக்குச் சென்று, மணிக்கணக்காகக் காத்திருந்து ஓட வேண்டும். ஆகவே எல்லாரும் போர்த்துக்கொண்டு வருவர். போர்வையை என் செய்வது? பலர் பழைய சட்டையை அணிந்து வந்து, புறப்படும்போது அங்கேயே கழற்றிப் போட்டுவிடுகின்றனர். அவற்றைத் திரட்டி அறப்பணிக்குக் கொடுக்கிறார்கள். மற்றையோரின் பைகள் அக்காலத்தில் லொறிகளில் நகரத்தைச் சுற்றிக்கொண்டு பூங்காவுக்குப் போயின. அங்கே லொறிகள் நீண்ட வரிசையாக நின்றன. 42 கிலோமீற்றர் ஓடி வந்தவர், தம் பை இருக்கும் லொறியைத் தேடி மேலும் நெடுந்தூரம் நொண்டி நொண்டி நடக்க வேண்டியதாயிற்று. நெரிசலும் மிகுந்தது.

இதைக் கண்ட அமைப்பாளர் 2012ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், இனிப் பைகளையே ஏற்பதில்லை என்று அறிவித்தனர். ஓடி முடித்தவருக்கு வெப்பமான போர்வை ஒன்று தரப்படும் என்றும் சொன்னார்கள். ஓட்டக்காரரிடையே பெருங்கூக்குரல் எழுந்தது. வெளியூர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்து, அந்நகரத்தில் உற்றார் உறவினர் இல்லாதவர், தமது பொருளை வேறெங்கே வைப்பர்? முடிவிலே அமைப்பாளர் இறங்கி வந்தனர். பை வைக்க விரும்புவோர் வைக்கலாம். வைக்காதவர் போர்வையைப் பெற்றுக்கொண்டு விரைவிற் பூங்காவை விட்டு வெளியேறலாம் என்று இரு வழி வகுத்தனர். அவ்வாண்டு ஒக்டோபர் 29ஆந் தேதி வீசிய சாண்டிப் புயலால் ஓட்டமே நடவாது போயிற்று. 2013இல் அந்த இருவழி ஒழுங்கு நடைமுறைக்கு வந்தது. அமைப்பாளர் முதலிற் செய்த முடிவு அலுவலகத்திலிருந்து பார்ப்பவருக்குச் செவ்விய முடிவாகவே தோன்றும். ஆயின், பை என்பது வெறுஞ் சுமையன்று. அறியாத ஊரில் ஒருவனுக்கு அது அவனுடைய வீடு. அந்த உண்மை கணக்கேட்டில் ஏறுவதில்லை.

பொஸ்டன் நகரத்தில் நிகழ்ந்தது நெஞ்சை வருத்துவது. அந்நகரத்து மரதன் ஓட்டம் 1897இல் தொடங்கியது. 1924ஆம் ஆண்டு முதல் ஹொப்கிண்டன் என்னும் சிற்றூரிலிருந்து புறப்படுகிறார்கள். நெடுங்காலமாக, பைகளை ஹொப்கிண்டனிற் பேருந்துகளில் ஏற்றிப் பொஸ்டனிலே திருப்பிக் கொடுப்பது வழக்கமாயிருந்தது. 2013ஆம் ஆண்டு ஏப்பிரல் 15ஆந் தேதி பிற்பகல் 2 மணி 49 நிமிடமளவில், முடிவுக்கோட்டின் அருகே இரு குண்டுகள் வெடித்தன. மூவர் அவ்விடத்திற் பலியாயினர். 260க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அந்நேரத்தில் இன்னும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் வழியில் ஓடிக்கொண்டிருந்தனர். அவர்கள் அனைவரும் பாதியில் நிறுத்தப்பட்டார்கள். அவர்களின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். உடலில் மெல்லிய சட்டையொன்று, கால்களில் வலி. வீட்டுத் திறப்பு, பணம், கைத்தொலைபேசி, கம்பளிச் சட்டை யாவும் பைக்குள்ளே. பையோ காவற்றுறையினர் அடைத்துவிட்ட பகுதிக்குள்ளே. முடிவுக்கோட்டிற் காத்திருந்த மனைவி மக்கள் உயிரோடிருக்கிறார்களா என்று கேட்டறியக் கையிலே ஒரு கருவியுமில்லை. அவ்வழியில் வாழ்ந்த மக்கள் வீட்டிலிருந்து வெளியே வந்து, தமது மேற்சட்டைகளையும் போர்வைகளையும் முன்பின் அறியாத அவ்வோட்டக்காரருக்குக் கொடுத்தார்கள்; தொலைபேசியையும் கொடுத்தார்கள். பைகள் பின்னரே உரியவரிடம் சேர்ந்தன.

மறு ஆண்டு, 2014இல், ஒழுங்கு முற்றாக மாறியது. ஹொப்கிண்டனுக்குப் பையே கொண்டு செல்லலாகாது என்று விதித்தனர். காலையிற் பேருந்தில் ஏறுமுன்னரே, பொஸ்டன் நகரத்திலுள்ள பொதுப் பூங்காவில், அமைப்பாளர் வழங்கிய உள்ளிருப்பது தெரியும் பிளாஸ்டிக் பையில் இட்டு ஒப்படைக்க வேண்டியிருந்தது. ஓடி முடித்ததும் அங்கேயே பெற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. முன்பு பை ஓட்டக்காரனைப் பின்தொடர்ந்து போயிற்று. இப்போது பை இருந்த இடத்திலேயே இருக்க, ஓட்டக்காரன் அதனை நோக்கி ஓடி வருகிறான். பாதுகாப்பின் பொருட்டுச் செய்த மாற்றம் என்றாலும், பொருள் கைமாறும் முறை குறைந்தால் தொலையும் வாய்ப்பும் குறையும் என்பது சிறு போட்டிகளை நடத்துவோருக்கும் பயன்படும் பாடமாகும்.

இவை அயல்நாட்டுப் பெருநகரங்களின் செய்தி. நம் பாடசாலைகளிலோ இதே காரியம் சிறிய அளவில் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குச் சில நாள் முன்னதாக, பனி விலகாத காலை வேளையில், மரதன் ஓட்டம் என்ற பெயரில் ஊர்த் தெருக்களின் வழியே பிள்ளைகளை ஓடவிடுகிறோம். தூரம் 42 கிலோமீற்றர் அன்று. ஆறோ ஏழோ கிலோமீற்றர்தான். மதகடிக் கடைக்காரர் வாளியில் தண்ணீர் வைத்திருப்பார். தாய்மார் படலையடியில் நின்று பார்ப்பர். அந்தக் காலைப் பொழுதைப் போல எனக்கு மகிழ்ச்சி தரும் பொழுது பாடசாலை ஆண்டில் வேறில்லை.

ஆனால் பிள்ளைகளின் பொருள்களை வைக்கும் ஒழுங்கு எத்தனை பாடசாலைகளில் உண்டு? பெரும்பாலும், "சேர், இதை வைத்திருங்கோ" என்று கண்ணிற்பட்ட ஆசிரியரின் கையில் ஒரு கடிகாரத்தையோ சங்கிலியையோ திணித்துவிட்டு ஓடுவதுதான் ஒழுங்கு. அந்த ஆசிரியரின் சட்டைப் பையில் எட்டுக் கடிகாரங்கள் சேர்ந்துவிட்டால், எது யாருடையது என்று பிரமதேவனுக்குந் தெரியாது.

நான் ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு பாடசாலையில் நடந்ததைச் சொல்லுகிறேன். ஊர், பெயர் வேண்டியதில்லை. ஓடப்போகும் பிள்ளைகளின் சிறு பொருள்களையெல்லாம் ஒரு கடதாசிப் பெட்டியில் இட்டு, மண்டபத்துத் திண்ணையில் வைத்திருந்தார்கள். முதலாவதாக ஓடிவரும் மாணவன் சந்தியில் திரும்பிவிட்டான் என்ற குரல் எழுந்ததும், திண்ணையில் நின்ற எல்லாரும் வாசலுக்கு ஓடினார்கள். திரும்பி வந்து பார்த்தபோது பெட்டி இருந்தது. மாணவியொருத்தி கைலேஞ்சியில் முடிந்து வைத்த ஒரு சோடி தோடு இல்லை. அரைப் பவுணும் இராத சிறு தோடு. அதைத் தாய் எத்தனை முறை அடகு வைத்து எத்தனை முறை மீட்டிருப்பாள் என்பதை அந்த ஊர் அறியும். அன்றைய ஓட்டத்தில் அம்மாணவி மூன்றாவதாக வந்தவள். தேடினோம், விசாரித்தோம், பிள்ளைகளிடையே ஐயமும் மனக்கசப்பும் வளர்ந்தனவே தவிர, தோடு கிடைக்கவில்லை. ஆசிரியர்கள் பணம் சேர்த்துக் கொடுக்க முன்வந்தபோது தாய் வாங்க மறுத்துவிட்டாள். "பிள்ளைக்கு ஓட்டமும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்" என்று ஒரே சொல்லாகச் சொல்லிப் போனாள். அடுத்த ஆண்டு அந்த மாணவி ஓடவில்லை. அதற்கடுத்த ஆண்டும் ஓடவில்லை. தோட்டை எடுத்தவன் ஒருவனாயிருக்கலாம். பெட்டியைத் தனியே விட்டுச் சென்றவர் பலர்.

சட்டத்தைக் கேட்டால் வேறு விடை கிடைக்கும். நம் நாட்டுப் பொதுச் சட்டத்துக்கு அடியாயமைந்தது உரோமன் டச்சுச் சட்டம். பழைய உரோமச் சட்டத்தில், கூலி பெறாமல் பிறர் பொருளைக் காக்க ஏற்றவன், வஞ்சனைக்கும் மிகப் பெருங் கவலையீனத்துக்கும் மட்டுமே பொறுப்பாளி. சிறு கவனக்குறைவுக்குப் பொறுப்பாளி அல்லன். ஆனால் நம்பி ஒப்படைத்த பொருளை மறுத்து, வழக்கிலே தோற்றவன், பணத்தைக் கொடுப்பதோடு தப்ப முடியாது. அவன் மானக்கேடடைந்தவன் என்று எண்ணப்பட்டு, குடியுரிமைகள் சிலவற்றையும் இழப்பான். நம்மவர் இதனை அடைக்கலப் பொருள் என்பர். இப்பொழுது போட்டிகளை நடத்துவோர், "உடைமைகளுக்கு அமைப்பாளர் பொறுப்பல்லர்" என்று விண்ணப்பப் படிவத்தின் அடியில் ஒரு வரி அச்சிட்டுவிடுகின்றனர். வழக்கிலிருந்து தப்புவதற்கு அவ்வரி உதவலாம். அந்தத் தாயின் முன்னிலையில் அதை வாசித்துக் காட்ட யாருக்கு நா எழும்?

ஆகவே, செய்யக்கூடியதைச் சொல்லுகிறேன். நகையைப் பிள்ளைகள் போட்டிக்கு அணிந்து வரலாகாது. இதை முதல் நாளே பெற்றோருக்கு அறிவித்தல் வேண்டும். மேசைக்காரர் எதை ஏற்பார், எதை ஏற்கமாட்டார் என்பதை ஓட்டம் நடக்கும் காலையிற் சொல்லிப் பயனில்லை. கடிகாரமும் கண்ணாடியும் தவிர்க்க முடியாதவை. கைத்தொலைபேசி ஒரு புதிய தலையிடி. அதைப் பாடசாலைக்குக் கொண்டு வருதல் கூடாதென்று எத்தனை முறை சொன்னாலும், பொது ஓட்டப் போட்டிகளில் அதைத் தடுக்க இயலாது. பைக்குள்ளிருந்து அது விடாது மணியடிக்கும். அழைப்பவர் பெரும்பாலும் தாயார். மகன் ஓடுகிறான் என்பதை அறிந்தும், ஓடி முடித்துவிட்டானா என்று கேட்க அவனையே அழைக்கும் அன்பு அது! மேசையில் இருப்பவர் இரக்கப்பட்டும் அதை எடுத்துப் பேசலாகாது. பிறர் பையைத் திறப்பதில்லை என்ற விதிக்கு அன்பின் பெயராலும் விலக்கு வைத்தல் கூடாது.

எல்லாவற்றிலும் முதன்மையானது, அந்த மேசைக்கு இன்னார் என்று ஒருவரைக் குறித்து, அவருக்கு வேறெந்த வேலையுங் கொடாதிருத்தல். முதலாவதாக வருபவனை எல்லாரும் பார்க்கட்டும். அவர் பார்க்க வேண்டியதில்லை. சொல்லப்போனால், அதற்கு இசைபவர்களே அவ்வேலைக்குத் தகுந்தவர்கள்.

அத்தகைய ஒருவரை நான் அறிவேன். நான் அதிபராகப் பணியாற்றிய ஒரு பாடசாலையில் அவர் காவலாளி. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். மரதன் ஓட்டத்தன்று பொருள் காக்கும் வேலையை அவரிடம் ஒப்படைத்தபோது, முதல் நாளே என்னிடம் எண்பது பக்க அப்பியாசக் கொப்பி ஒன்றைக் கேட்டு வாங்கினார். பக்கத்துக்கு நான்கு பத்தியாகக் கோடு கீறி, இலக்கம், பெயர், கொடுத்த பொருள், திரும்பப் பெற்ற கையெழுத்து என்று எழுதிவைத்தார். மேசையோடு நில்லாமல், வேப்பமரத்துக்கும் மண்டபத் தூணுக்கும் இடையே தும்புக்கயிறொன்றை இழுத்துக் கட்டினார். மட்டைத் துண்டுகளில் இலக்கம் எழுதி வரிசையாகக் கயிற்றிலே தொங்கவிட்டு, ஒவ்வோர் இலக்கத்தின் கீழும் உரிய பிள்ளையின் பையைக் கட்டினார். பை இல்லாத பிள்ளைக்குச் செருப்புச் சோடியைக் கட்டினார். சிறு பொருள்களைக் காகித உறையிலிட்டு, இலக்கம் எழுதி, மடியில் வைத்திருந்த தகரப் பெட்டியுள் வைத்தார். பைகள் கயிற்றிலிருந்து ஒவ்வொன்றாகக் குறையும்போது, எத்தனை பிள்ளைகள் திரும்பினார்கள், எத்தனை பிள்ளைகள் இன்னுந் தெருவில் இருக்கிறார்கள் என்பது தூர நின்று பார்ப்பவருக்கும் தெரிந்தது. பொஸ்டன் நகரத்தையோ நியூயோர்க் நகரத்தையோ அவர் கேள்விப்பட்டிருந்தாரோ தெரியாது.

கயிற்றின் அருமை எங்களுக்கு இரண்டாம் ஆண்டில் விளங்கியது. அவ்வாண்டு 112 பிள்ளைகள் ஓடினார்கள். இல்லங்களுக்குப் புள்ளி வழங்கும் பொருட்டு, முடிவுக்கோட்டில் நிற்கும் ஆசிரியர்கள் முதல் முப்பது பேரின் பெயரைத்தான் எழுதுவது வழக்கம். நீண்ட ஓட்டங்களிலும் இப்படி ஒரு எல்லை உண்டு. தென்னாபிரிக்காவில், டேர்பன் நகரத்துக்கும் பீட்டர்மரிட்ஸ்பேர்க் நகரத்துக்குமிடையே 1921ஆம் ஆண்டு முதல் நடைபெறும் கொம்ரேட்ஸ் ஓட்டம் ஏறக்குறைய 90 கிலோமீற்றர் கொண்டது. பன்னிரண்டு மணி நேரம் நிறைந்ததும் துவக்கு வெடிக்கும். ஒரு விநாடி பிந்தி வந்தவருக்கும் பதக்கமில்லை. ஆயினும் அவருக்கும் பை உண்டு. வழியிலே களைத்து விழுந்து வண்டியில் ஏற்றி வரப்பட்டவருக்கும் பை உண்டு. ஓடி முடித்தவர் பெயர்களை எழுதும் ஏட்டில் அவர் பெயர் இராது. பை வாங்கிய ஏட்டில் இருக்கும்.

நமது ஓட்டம் முடிந்து, பிள்ளைகள் தேநீரும் பணிசும் உண்டு, மணி எட்டரை ஆயிற்று. வென்ற இல்லத்தார் ஆரவாரித்துக்கொண்டிருந்தனர். காவலாளி என்னிடம் வந்து, "ஐயா, நாப்பத்தேழாம் இலக்கப் பை இன்னும் கயித்திலை தொங்குது. பொடியன் வரேல்லை" என்றார். அவன் வந்துவிட்டான், வகுப்பறையில் இருப்பான், வீட்டுக்குப் போயிருப்பான் என்று பக்கத்தில் நின்றவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். "செருப்பும் பையும் இஞ்சை கிடக்க, வெறுங்காலோடை வீட்டை போவானே?" என்று அவர் கேட்டார். அதற்கு எவரிடமும் மறுமொழி இல்லை.

இரு ஆசிரியர்கள் மோட்டார்ச் சைக்கிளில் ஓட்டப் பாதை வழியே திரும்பிச் சென்றார்கள். குளத்து மதகுக்கு அப்பால், தெருவோரத்து வீட்டுத் திண்ணையில் அவன் இருந்தான். ஒன்பதாந் தரத்து மாணவன். கணுக்கால் பிசகி வீங்கியிருந்தது. அந்த வீட்டு ஆச்சி எண்ணெய் தடவித் துணி சுற்றியிருந்தார். எல்லாரும் ஓடி முடித்த பிறகு நொண்டிக்கொண்டு வருவதற்கு வெட்கப்பட்டு, மைதானத்திற் சனங் கலையட்டும் என்று அவன் காத்திருந்திருக்கிறான்.

அவனை ஏற்றிக்கொண்டு வந்தபோது மணி ஒன்பதைக் கடந்துவிட்டது. மேசை, கதிரை எல்லாம் உள்ளே போய்விட்டன. கயிறு மாத்திரம் அவிழ்க்கப்படாமல், அதன் நடுவிலே ஒரு பை தொங்கிக்கொண்டிருந்தது. காவலாளி அவனுடைய மார்பிலக்கத்தைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார். பையை அவிழ்த்து, செருப்பை எடுத்து அவன் காலடியில் வைத்தார். பிறகு பேனையை நீட்டி, "இதிலை கையெழுத்தை வை, தம்பி" என்றார். அவன் எழுதி முடித்ததும், கொப்பியை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கயிற்றை அவிழ்க்கப் போனார்.